வெள்ளைக் கல்லில் இரும்பு!

"ஐயோ...!"

காலை பத்து மணி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் அந்த ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் பட்டறை, அலறல் கேட்டு அப்படியே நின்றது.

ஸ்டோர் கீப்பர் லோகு மல்லாந்து கிடந்தான். நெஞ்சில் கத்தி. இரும்புப் பட்டையைச் சாணை பிடித்துச் செய்த கத்தி!

பதினோரு மணிக்கு வந்த இன்ஸ்பெக்டர் இம்மானுவேல் ஒரே கேள்விதான் கேட்டார்.

"சாணை மெஷின் யார்கிட்ட?"

"செண்பகத்துகிட்ட சார்!" சூப்பர்வைசர் விஜயகுமார் கை நீட்டினான். "இருக்கறதே ஒரு மெஷின்தான். நேத்து லோகுவோட சண்டை வேற... மட்டமான சாணைக் கல்லு குடுக்கறான்னு!"

மெஷின் பக்கத்தில் நின்ற செண்பகம் முன்னால் ஓடி வந்தாள்.

"நான் இல்ல சார்! மூணு மணிக்கு எம்பொண்ணு ஸ்கூல் உட்டு வந்துடுவா. ஊட்ல வேற ஆளே இல்ல..."

"ஏறும்மா ஜீப்புல."

"ரெண்டே மணி நேரம் குடுங்க சார்! இது எஸ்.எஸ்.சுக்குன்னே, அதான் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலுக்குன்னே வச்சிருக்கிற வெள்ளைக் கல்லு. இதுல இரும்பு பட்டா, துகள் ஒட்டிக்கினு அடுத்து தீட்டுற பீஸ்ல ஏறிடும். உப்புத் தண்ணி ஊத்தி வச்சா துருப் புள்ளி உழும். காலைல தீட்டின இருநூறு பீஸ் அப்படியே இருக்குது. பார்த்துடலாம்!"

"டைம் வேஸ்ட் சார்!" விஜயகுமார் பறந்தான்.

இம்மானுவேல் வாட்சைப் பார்த்தார்.

"ஒரு மணி வரைக்கும். அவ்ளோதான்."

பீஸ்கள் உப்புத் தண்ணியில் நனைத்த துணிக்குள் போயின. நிமிஷங்கள் நகர மறுத்தன. விஜயகுமார் வாசலுக்கும் மெஷினுக்கும் நடந்து தேய்ந்தான்.

"பதினோரு வருஷத்துல எங்கிட்ட ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனதில்ல சார்..."

நாலாவது தடவை சொல்கிறான். கல்யாணப் பத்திரிகையிலும் இதைத்தான் போட்டிருப்பான், மகராசன்!

கேன்டீன் டீ வந்தது. இம்மானுவேல் ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. டம்ளரைத் தள்ளி வைத்தார்.

செண்பகம் மட்டும் தன் டம்ளரோடு பீஸ்களின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

மணி ஒன்று.

துணி விலகியது.

பழுப்புப் புள்ளிகள்...! ஒன்றா, இரண்டா!

"உன் வாயாலயே மாட்டிக்கினியேம்மா!" இம்மானுவேல் பெண் கான்ஸ்டபிளைப் பார்த்தார். "ஷைனி, ஏத்தும்மா."

செண்பகம் அழவில்லை.

"ஏத்துங்க சார். ஆனா இருநூறு பீஸும் கண்டம், தூக்கிப் போட வேண்டியதுதான். சூப்பர்வைசர் பேருல எழுதுங்க. பதினோரு வருஷத்துல மொத ரிஜெக்ட்!"

விஜயகுமார் எகிறினான்.

"ரிஜெக்டா? என் பீஸா? எப்படிடி புள்ளி வரும்? வெள்ளைக் கல்ல கழட்டி வச்சிட்டு, இரும்பு தீட்டுற கல்ல மாட்டித்தானே கத்தியத் தீட்டினேன்!"



அவன் கை வாயைப் பொத்தியது. லேட்!

"எதுக்குய்யா கொன்ன?"

"இரும்பு தீட்டின பழைய கல்ல எஸ்.எஸ். கல்லுன்னு எந்தலையில கட்டப் பார்த்தான் சார்... என் பேரு இன்னாவறது?"

ஆளைக் கொல்லத் துணிந்தவனுக்குக் கல்லைக் கெடுக்க மனசு வரவில்லை!

விலங்கு மாட்டியாயிற்று. இம்மானுவேல் செண்பகத்திடம் திரும்பினார்.

"இவன்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"காலைல கல்லோட நட்டு நான் முடுக்கின மாதிரியே இல்ல சார். கல்லு மாத்த எனக்கும் இவருக்கும்தான் தெரியும். புள்ளி வரலன்னா, நானே மாத்திட்டுத் தீட்டினேன்னு சொல்லிடுவாரு. அதான் வர வச்சேன்."

"ஏறும்மா ஜீப்புல... பொண்ணு வர்றதுக்குள்ள ஊட்ல உட்டுடறேன். ஆமா, இரும்பே படாத பீஸ்ல துரு எப்படி வந்துச்சு?"

"துரு இல்ல சார், கேன்டீன் டீ. குடிக்கத்தான் லாயக்கில்ல!"