பனிமுழுக்குச் சான்றிதழ்

மார்கழி முதல் நாள் காலையில் கண்ணாடிக் கூரையின் கீழ்ப் பனிப்பாளத்தை அறுத்துக் குளம் வெட்டி, அதில் குதித்து நீந்துவது யூரோப்பா கல்லூரியின் வழக்கம். வியாழனைச் சுற்றும் அந்த நிலவில் ஆண்டு முழுவதும் கடுங்குளிர்தான். ஆனாலும் பூமியின் நாட்காட்டியைப் பார்த்துத்தான் குளிர்காலம் கொண்டாடினார்கள்.

நீந்துகிறவர்கள் யாரும் நடுங்குவதில்லை. பிறந்த பத்தாம் நாளே பிடரியில் பதிக்கப்படும் கணப்பி என்ற சில்லு உடம்பை எப்போதும் வெதுவெதுப்பாக வைத்திருக்கும். பனிக்கு அடியிலுள்ள ஆழ்கடலில் மட்டும் அழுத்தம் தாங்காமல் அது நின்றுவிடும். அதனால் ஆழ்கடல் பிரிவில் வேலைக்குச் சேர, மார்கழிக் குளத்தில் நீந்தியவர்களுக்குத் தரும் பனிமுழுக்குச் சான்றிதழ் கட்டாயம்.

இறுதியாண்டு மாணவி இளவெயினிக்கு அந்த வேலையின் மேல் உயிர். கணப்பி நின்றால் தன் உடம்பு தாங்குமா என்று தெரிந்துகொள்ள நினைத்தாள். ஒரே ஒரு நாள் அதை அணைத்துவைக்க அனுமதி வாங்குவதற்குள் நான்கு மாதம் போய்விட்டது. மருத்துவர் காப்பீட்டு அலுவலரிடம் அனுப்பினார். அவர் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். “வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா?” என்று ஆலோசகர் மூன்று முறை கேட்டார்.

மார்கழி முதல் நாளன்று அதை அணைத்துவிட்டுக் குதித்தாள். ஆயிரம் ஊசிகள் ஒன்றாய் ஏறின. மூச்சு அடைத்தது. கை எங்கே, கால் எங்கே என்றே தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அக்கரை தொட்டு, உதடு நீலம் பாரித்துக் கரையேறினாள். பக்கத்தில் நூற்றுப்பத்துப் பேர் சிரித்துப் பேசியபடி மிதந்துகொண்டிருந்தார்கள்.

உடற்கல்வி இயக்குநர் கிருபாகரனின் திரையில் அவள் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்றிருந்தது.

“சார், உங்க கண்ணு முன்னாடிதானே நீந்தினேன்!”

“நீந்தினம்மா, யாரு இல்லேன்னா? கணப்பிதான் வருகையைப் பதியும். நீ அதை அணைச்சுட்டியே.”

“அணைக்க அனுமதி குடுத்தது நீங்கதானே சார்?”

“அணைக்கத்தான் குடுத்தோம். பதிவுக்கு வேற படிவம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம். இல்லேன்னா ஆன் பண்ணிட்டு மறுபடி ஒரு தடவை இறங்கு.”

விறைத்த விரலால் கணப்பியை அழுத்திவிட்டு மறுபடியும் குதித்தாள். வெந்நீர்த் தொட்டியில் இறங்கியது போலிருந்தது. திரையில் பச்சை விளக்கு எரிந்தது, எல்லோரும் கைதட்டினார்கள்.

சான்றிதழை வாங்கிப் படித்தாள்: ‘கணப்பியின் உதவியின்றிக் கடுங்குளிரைத் தாங்க வல்லவர் எனச் சான்றளிக்கப்படுகிறது.’ நூற்றுப்பதினோரு பேருக்கும் அதே வாசகம்.

“சார், இதுல யாருமே அணைக்கலையே!”

கிருபாகரன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“அணைச்சிருந்தா ஒருத்தருக்காவது சான்றிதழ் கிடைச்சிருக்குமாம்மா?”