திரும்பி வரும் எழுத்து

அப்பா விசையைத் தட்டி, ஒரு மூச்சு விட்ட பிறகுதான் எழுத்து திரையில் வந்தது. இதுவரை அது தாமதித்ததே இல்லை.

காயலான் கடையில் மகன் மலிவாக வாங்கி வந்த பழைய கம்ப்யூட்டர். பழைய டிவிதான் அதற்குத் திரை, சூடேறினால் தூசி கருகும் வாடை அறையெங்கும் பரவும். அதற்குச் சொந்தப் புத்தி கிடையாது. தட்டிய எழுத்து ஒயர் வழியே படியேறி, மாடி அறையிலுள்ள பெரிய கம்ப்யூட்டரைத் தொட்டுத் திரும்பினால்தான் கண்ணில் படும். "எழுத்து தெரிஞ்சா, மேல நான் இருக்கேன்னு அர்த்தம்பா" என்பான்.

சிறைக்குப் போய் வந்தவன். ஊரைப் பொறுத்தவரை வெளிநாட்டில் இருக்கிறான். இன்று அவன் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் இருந்தார்கள். அவனை மாடி அறையில் வைத்து அப்பா வெளியே பூட்டியிருந்தார்.

மாப்பிள்ளையின் தகப்பனார் அறைக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன சம்பந்தி, இப்பவே பத்திரிகை அடிக்கிறீங்களா?"

"பெரியவன்கிட்ட பேசிட்டிருக்கேன்."

"கல்யாணத்துக்கு வந்துடச் சொல்லுங்க."

சத்தம் போடாதே என்று அப்பா ஆங்கில எழுத்தில் தட்டினார். ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. இருக்கிறான்.

மூச்சிரைப்புக்காரன். மருந்துப் புகை தரும் கருவியின் உறுமல் கூடம்வரை கேட்டதால்தான் சற்று முன் மாடியின் பியூஸைப் பிடுங்கியிருந்தார். குடும்ப மானத்துக்காகக் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொள்ளட்டும். பிறகு கதவைத் தட்டும் ஓசை கேட்டது. உரக்கச் சிரித்துப் பேசி அதை மூடினார். தட்டல் நின்றது. நல்ல பிள்ளை என்று நினைத்தார்.

சட்டைப்பையில் ஏதோ கனத்தது.

பியூஸ்.

மாடியில் கரண்ட் இல்லை. பெரிய கம்ப்யூட்டர் அணைந்திருக்கும். அப்படியானால், எழுத்தைத் திருப்பி அனுப்புவது யார்?

கையை எடுத்தார். எழுத்து வந்துகொண்டே இருந்தது.

சத்தம் போடலப்பா.

மாடிக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினார்.

சத்தம் போடலப்பா. சத்தம் போடலப்பா.

ஒயர் நுனியைக் கையில் பிடித்தபடியே கூடத்தைக் கடந்து படியேறினார். "சம்பந்தி, என்னாச்சு?" கீழே நாற்காலிகள் நகர்ந்தன.

"டேய் பெரியவனே, அப்பா வந்துட்டேன்டா. கத்துடா. யார் கேட்டாலும் பரவாயில்ல, கத்துடா."

பூட்டு திறந்தது. கதவு திறக்கவில்லை. உள்ளே ஏதோ சாய்ந்து கிடந்தது.

குனிந்தார். கதவடி இடுக்கில் நான்கு விரல்கள். நீலம். தொட்டார். சில்லிட்டிருந்தன.

அப்போது கையிலிருந்த ஒயர் நழுவியது. அசையாத விரல்களை உரசிக்கொண்டு, கிணற்றுக் கயிற்றை யாரோ இழுப்பதுபோல், உள்ளே போய்க்கொண்டிருந்தது. நிதானமாக. சத்தமில்லாமல்.