மூடாமல் விட்ட நாற்காலி

“அந்தக் கோபம் உங்க உடம்புல எங்க இருக்கு?”

அக்கா அப்படித்தான் கேட்டாள். ‘உன்’ இல்லை, ‘உங்க’. பிறந்ததிலிருந்து ‘குட்டி’ என்றும் ‘எருமை’ என்றும் கூப்பிட்ட வாய், மடிக்கணினியில் சிவப்புப் புள்ளி எரியத் தொடங்கியதும் ‘நீங்க’ என்று குழைந்தது. குட்டிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கை தானாகத் தொண்டைக்குப் போனது.

“இங்க.”

“எப்படி இருக்கு?”

“கல்லு மாதிரி. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல.”

“ம்ம்,” என்று அக்கா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். அந்த ‘ம்ம்’மும் பாடம்தான். எத்தனை மாதம் கண்ணாடி முன்னால் நின்று பழகினாள் என்று குட்டிக்குத் தெரியும்.

அக்கா பகலில் ஓர் அலுவலகத்தின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தாள். மாலையில் தன் அறையைச் சாத்திக்கொண்டு, மனநல ஆலோசகர் ஆவதற்கான முதுகலைப் படிப்பை இணையத்தில் படித்தாள். வீட்டில் யார் என்ன சொன்னாலும் அதைத் திருப்பிச் சொல்லும் வியாதி அந்தப் படிப்போடு வந்தது. “நீங்க ரொம்பச் சோர்வா இருக்கற மாதிரி கேக்குதும்மா” என்பாள். “சோர்வு இல்லடி, பசி. தட்ட எடுத்து வை” என்பாள் அம்மா.

இப்போது படிப்பு செய்முறைக்கு வந்திருந்தது. நிஜமான ஓர் ஆளை உட்கார வைத்துப் பேசி, அதைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். சொந்தக்காரர்களை வைத்துச் செய்யக் கூடாது என்பது விதி. ஆள் கிடைக்கவில்லை. “பக்கத்து வீட்டுப் பொண்ணுன்னு சொல்லிக்கிறேன். மேடம் ஒருத்தங்கதான் பாப்பாங்க, வேற யாரும் பாக்க மாட்டாங்க, சத்தியம்” என்று கெஞ்சினாள். வீட்டில் வேலை இல்லாமல் இருப்பது குட்டி ஒருத்திதான் என்பது அக்காவின் எண்ணம். சமையல், துணி, அம்மாவின் இடுப்புக்கு எண்ணெய், இவையெல்லாம் வேலையில் சேராது.

“யார் மேல கோபமோ, அவங்கள இந்தக் காலி நாற்காலியில உட்கார வைங்க. அவங்ககிட்டயே பேசுங்க.”

சாப்பாட்டு மேசையின் நான்காவது நாற்காலி அது. எப்போதும் துவைத்த துணி குவிந்து கிடக்கும். அன்று அக்கா துணியை அள்ளிக் கட்டிலில் போட்டிருந்தாள்.

“யார வெச்சிருக்கீங்க?”

“கணக்கு டீச்சர்.”

பொய். கணக்கு டீச்சர் பாவம், அவளை ஒருநாளும் திட்டியதில்லை. அம்மா இடுப்பு முறிந்து படுத்த வருடம், யாராவது ஒருத்தர் வீட்டோடு இருந்தாக வேண்டும் என்று பேச்சு வந்தபோது, இதே மேசையில் இதே இடத்தில் உட்கார்ந்து, “அவளுக்குத்தான் படிப்பு ஏறலையே” என்று சாதாரணமாகச் சொன்னவளைத்தான் குட்டி அந்த நாற்காலியில் வைத்தாள். முழங்கையை மேசையில் ஊன்றுவது, பேனா மூடியைக் கடிப்பது, எல்லாவற்றோடும் வைத்தாள்.

“ஏன் அப்படிச் சொன்னீங்க?” என்று நாற்காலியிடம் கேட்டாள். “நான் பக்கத்துலதான நின்னுக்கிட்டிருந்தேன், என்கிட்ட ஒரு வார்த்தை...”

கடிகாரம் ஒலித்தது. அக்கா சட்டென்று பதிவை நிறுத்தினாள். “போதும் போதும். அரை மணி நேரம் தேறிடுச்சு. பின்னிட்ட போ, எருமை!” மடிக்கணினியை மூடித் தூக்கிக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

குட்டியின் வாய் திறந்தபடியே இருந்தது. மிச்ச வார்த்தை வெளியே வரவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. எதிரே நாற்காலி லேசாகக் ‘கிர்ர்’ என்றது, ஒருவர் நிமிர்ந்து உட்காரும்போது வருமே, அந்தச் சத்தம்.

மறுநாள் காய்ந்த துணியை வழக்கம்போல அதே நாற்காலியில் குவித்தாள். சமையலறையிலிருந்து திரும்பி வந்தபோது துணி தரையில் இருந்தது. சரிந்து விழுந்த துணி அல்ல, எடுத்து வைத்த துணி. மீண்டும் நாற்காலியில் வைத்தாள். மீண்டும் தரை. அம்மாவால் கட்டிலை விட்டு இறங்க முடியாது. அக்கா அலுவலகத்தில் இருந்தாள். குட்டி குனிந்து நாற்காலியின் மெத்தையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஆள் எழுந்துபோன இருக்கையில் இருக்குமே, அந்த இளஞ்சூடு.

பயப்பட வேண்டியவள்தான். ஆனால் அந்த வீட்டில் அவள் பேசுவதற்காக ஓர் இடம் சூடாகக் காத்திருப்பது அதுதான் முதல் தடவை.

பகலில் அம்மா கண் அசந்ததும் எதிரே உட்கார்ந்து பேசத் தொடங்கினாள். முதலில் சின்னச் சின்னதாக. அக்கா ஈரத்துண்டைக் கட்டிலில் எறிவது. தன் தோழிகள் வந்தால் “குட்டி, உள்ள போ” என்பது. பிறகு பெரியது. அம்மா கட்டிலில் இருந்தபடியே பள்ளிச் சீருடையைக் கிழித்து அடுப்படித் துணியாக்கியபோது, அக்கா கல்லூரிக்குப் போடப் புதுச் செருப்புக் கேட்டு அழுதது. மழை பெய்யும் பகல்களில் ஜன்னல் வெளிச்சம் சாம்பல் நிறத்தில் மேசை மீது படிந்திருக்க, ஈரத்துணி வாசமும் அம்மாவின் தைல வாசமும் கலந்து கிடக்க, அவள் குனிந்தபடி பேசிக்கொண்டே போவாள். அவள் நிறுத்தினால் நாற்காலியும் அசையாது, அவள் பேசினால் மெல்ல முன்னால் சாயும் மரத்தின் முனகல் கேட்கும். அப்படிப் பேசிவிட்டு எழும்போதெல்லாம் தொண்டையில் இருந்த கல் கொஞ்சம் சிறுத்திருக்கும்.

அந்த வாரம்தான் அக்காவின் குரல் கம்மத் தொடங்கியது.

“வகுப்புல பேசிப் பேசித்தான்,” என்று இருமல் மிட்டாயை வாயில் அதக்கினாள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, தொண்டையில் ஒன்றுமில்லை என்றார். “ஒண்ணுமில்லன்னா எப்படி? கல்லு மாதிரி இருக்கு” என்று அக்கா கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். குட்டி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள்.

அடுத்த நாள் பகலில் நாற்காலியிலிருந்து இருமல் மிட்டாய் வாசம் வந்தது.

அன்று நிறுத்தியிருப்பாள். நிஜமாகவே நிறுத்தியிருப்பாள். துணி அத்தனையையும் நாற்காலியில் போட்டு, மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்து, மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மாலை அக்கா வந்தாள், அறையைச் சாத்திக்கொண்டாள். விளக்கு வைக்கும் நேரத்தில் குட்டி அவளுக்குத் தேநீர் எடுத்துப் போனாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே யாரோ பேசினார்கள்.

“கல்லு மாதிரி. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல.”

அவளுடைய குரல்.

திரையில் அவளுடைய முகம். அதைச் சுற்றிக் கட்டம் கட்டமாக அக்காவோடு படிப்பவர்களின் முகங்கள். ஒருத்தி எழுதிக்கொண்டிருந்தாள். ஒருவன் எதையோ மென்றுகொண்டிருந்தான். எல்லோரும் குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் கை தொண்டைக்குப் போவதை, அவள் உதடு நடுங்குவதை.

“க்ளையண்ட் என் பக்கத்து வீட்டுப் பொண்ணு,” அக்காவின் கரகரத்த குரல். “ஸ்கூல் ட்ராப் அவுட். கொஞ்சம்... புரிஞ்சிக்கற சக்தி கம்மி.”

“வேலை நல்லா இருக்கு,” என்றது ஒரு முதிர்ந்த குரல். அதுதான் மேடம். “ஆனா நாற்காலிய மூடவே இல்லையேம்மா? திறந்தா மூடணும். யார உட்கார வெச்சோமோ அவங்கள ‘போ’ன்னு க்ளையண்ட் வாயாலயே அனுப்பி வெக்கணும். இல்லன்னா உட்கார்ந்தவங்க எங்க போவாங்க?”

“அங்கயே சாப்பிட்டுத் தூங்கிடுவாங்க, மேடம்” என்றான் மென்றுகொண்டிருந்தவன். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

“நாளைக்கு அதே பொண்ண நேரலையில உட்கார வெச்சு மூடிக் காட்டுங்க. அதுதான் உங்க கடைசி மதிப்பீடு.”

தேநீர் கையில் வழிந்தது. சுடவில்லை. அவள் திரும்பி நடந்தாள். மேசை அருகே அம்மிக்குழவி தரையில் இருந்தது, துணிகளின் மேல், அலுங்காமல். அவள் உட்கார்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, அம்மாவுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

“நான் டீச்சர வெக்கல. உன்னத்தான் வெச்சேன். அன்னிக்கும் உன்னத்தான். உனக்குத்தான் வாய் இருக்கே, ஊரக் கூட்டி என் தொண்டையக் காட்ட! எனக்கு ஏறலயா? நீ மிதிச்சு ஏறினதுடி என் படிப்பு! அந்த வாய் உனக்கு எதுக்கு?”

“ம்ம்,” என்றது நாற்காலி.

பழகிய ‘ம்ம்’. தலையைச் சாய்த்த ‘ம்ம்’.

அறைக்குள் அக்காவின் பேச்சு ஒரு சொல்லின் பாதியில் அறுந்தது. “உங்க ஆடியோ போயிடுச்சும்மா,” என்று மேடம் சொல்வது கேட்டது. “ஹலோ? வாய் அசையுது, சத்தம் வரலையே.”

மறுநாள் முழுக்க அக்காவிடமிருந்து காற்றுதான் வந்தது. மாலை அவளே மேசையைத் துடைத்தாள். மடிக்கணினியை வைத்தாள். குட்டியைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் குட்டி, நடுவில் அந்த நாற்காலி. வெளியே மழை. உள்ளறையில் அம்மாவின் கட்டில் முனகியது.

அக்கா கை கூப்பினாள். வாய்க்குள்ளேயே காற்றாகச் சொன்னாள். “ரெண்டு வருஷப் படிப்பு, குட்டி. ஒரு வார்த்தை. ‘போ’ன்னு சொல்லிடு.”

ஒரு வார்த்தைதான். நாக்கின் நுனியில் இருந்தது. சொன்னால் நாற்காலி காலியாகும், அக்காவுக்குக் குரல் வரும், கல் தன் தொண்டைக்கே திரும்பும். குட்டிக்கு அது யாரும் சொல்லாமலே தெரிந்தது. அதற்கும் அவள் தயார்தான். அக்காவின் கண்ணில் நீரைப் பார்த்ததும் நெஞ்சு இளகத்தான் செய்தது.

“சொல்றேன். ஆனா மொதல்ல நீ மேடத்துக்கிட்ட ஒண்ணு காட்டு. நான் யாருன்னு. பக்கத்து வீடு இல்ல, கூடப் பொறந்தவள்னு. கையாலயாவது காட்டு.”

அக்கா குட்டியைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு மெல்லத் தலையசைத்தாள். மாட்டேன் என்று. அப்புறம் பார்க்கலாம் என்று கையை மடக்கிக் காட்டினாள்.

திரையில் மேடத்தின் முகம் வந்தது. “ஆரம்பிக்கலாமா? க்ளையண்ட் யாருன்னு இன்னொரு தடவ சொல்லிடுங்க, பதிவுக்காக.”

அக்காவின் வாய் திறந்தது. காற்று.

“என் தங்கச்சி, மேடம்.”

அக்காவின் குரல். கம்மல் இல்லாத, தெளிந்த குரல். நடுவிலிருந்து.

குட்டி அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. திரையைப் பார்த்தாள். அதன் மூலையில் அவர்கள் மேசை தெரிந்தது. மூன்று பேர்.

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே,” என்றார் மேடம். “வேற ஏற்பாடு பண்ணியிருப்போம். சரி, குரல் இன்னிக்கு நல்லாக் கேக்குது. நாற்காலிய மூடுங்க.”

“சரி மேடம்.” மரம் முனகியது. முன்னால் சாயும் முனகல். இருமல் மிட்டாய் வாசம் குட்டியின் கன்னத்தில் பட்டது. வெதுவெதுப்பாக. “குட்டி. மூடிடலாமா? யாரப் போகச் சொல்லணும்?”

‘நீங்க’ இல்லை. ‘உங்க’ இல்லை. குட்டி.

அக்கா மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள். நகம் வெளுத்திருந்தது. தலை வேகமாக ஆடியது. வேண்டாம். வேண்டாம். உதடு என்னவோ சொன்னது. மன்னிப்பாக இருக்கலாம். எருமை என்பதாகவும் இருக்கலாம்.

“அவசரமில்ல,” என்றது குரல். “நான் கேக்கறேன்.”

குட்டியின் கை எழுந்தது. தொண்டையைத் தொட்டுப் பார்த்தது. கல் இல்லை. ஒன்றுமே இல்லை.

மேசை விளிம்பைப் பிடித்திருந்தவளைப் பார்த்தாள்.

“போ.”

அக்கா எழுந்தாள். எழவேண்டும் என்று அவள் நினைத்ததாகத் தெரியவில்லை. கால்கள் எழுந்தன. ஒரு கை மட்டும் மேசையை விடாமல் இழுபட்டது, பிறகு அதுவும் விட்டது.

வாசல் தாழ்ப்பாள் சத்தம் கேட்டு அம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தாள். “யாருடி அது, மழையில வெளிய போறது?”

“யாரும் இல்லம்மா,” என்றது நாற்காலி. “நாங்க ரெண்டு பேரும் இங்கதான் இருக்கோம்.”

திரையில் இரண்டு பேர். ஒருத்தி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, காத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே செருப்பில்லாத கால்களோடு, வாயை அகலத் திறந்தபடி, அந்த வாய்க்குள் மழை விழுந்துகொண்டிருக்க, அக்கா தெருவில் இறங்கிப் போனாள்.