இடது கண்ணின் முகவரி

அமலதாஸ் அறிக்கையின் நான்காவது பத்தியை எழுதிக்கொண்டிருந்தபோது அணிந்திருந்த கண்வில்லையின் ஓரத்தில் ஒரு செய்தி வந்தது.

"சார், மூணாவது பம்ப நான் நிறுத்துனதா போட்டிருக்கீங்கல்ல. நேரம் பத்து நாப்பது இல்ல, பத்து இருபது."

அனுப்பியவள் வடிவு. அறிக்கை அவள்மீதான புகார். அதை அவர் இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை.

பம்பை நிறுத்தியது அவர்தான். இரண்டு ஊர்களுக்கு ஒரு நாள் முழுக்கக் குடிநீர் போகவில்லை. யாராவது ஒருவர் வேலையை விட்டுப் போக வேண்டும்.

கடல்நீரைக் குடிநீராக்கும் அந்த ஆலையில் மேசைக் கணினிகள் கிடையாது. கணினிகள் ஆழ்கடலின் குளிரில் இருந்தன. நிரல் அங்கே ஓடும். அதன் முகப்பு கரைக்கு வந்து ஊழியரின் கண்வில்லையில் விரியும். எந்தக் கண்ணில் என்பதை ஓர் அமைப்புக் கோப்பு சொல்லும். அதை எழுதத் தெரிந்தவள் வடிவு மட்டும். மற்றவர்கள் அவள் கோப்பை நகலெடுத்துக்கொண்டார்கள். யாரும் அதைப் படித்ததில்லை.

அமலதாஸ் தன் கோப்பை முதன்முறையாகப் படித்தார். 'உள்நுழைந்தவரின் கண்' என்ற வரிக்குக் கீழே ஓர் எண் இருந்தது. வடிவு, பார்வை மங்கிய தன் இடது கண்ணுக்காகத் தனியாகச் சேர்த்த முகவரி. அவர் முகப்பு அவள் கண்ணிலும் விரிந்துகொண்டிருந்தது.

அவள் இருக்கைக்குப் போய் நின்றார்.

"எத்தன நாளா?"

"நீங்க வந்ததுல இருந்து. நாலு வருசம்."

"கண்ண மூடிக்கிடலாம்ல?"

"மூடுனாலும் தெரியும் சார். பணி முடியுற வரைக்கும் வில்லையக் கழட்டவும் விட மாட்டாங்க."

"நான் மட்டுமா?"

"உங்களோட பதினோரு பேரு."

"மேலிடத்துல முகவரிய மாத்தித் தரச் சொல்லியிருக்கலாமே."

"ஏன்னு கேப்பாங்க. அப்புறம் பதினோரு பேரும் என் மூஞ்சில முழிப்பீங்களா?"

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"கோப்பக் கேட்டு எடுத்திருந்தா, அந்த வரிய அழிச்சிட்டுக் குடுத்திருப்பேன்." அவள் குரல் உயரவில்லை. "அறிக்கைய அனுப்பிட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப நேரத்தத் திருத்திருங்க."

அவர் நேரத்தைத் திருத்தினார். பிறகு பெயரையும் திருத்தினார். அனுப்பிய பின்பே அந்த எண்ணை அழித்தார்.

மேலிடம் அவரை நீக்கவில்லை. ஒரு படி கீழே இறக்கியது. தானாக முன்வந்து ஒப்புக்கொண்டதால் சலுகை என்று ஆணையில் இருந்தது.

மறுநாள் மதியம் சாப்பாட்டு அறையில் எல்லோரும் அவருக்கு இடம் விட்டார்கள். மற்றப் பத்துப் பேரும் அங்கே இருந்தார்கள். அவர்கள் முகப்பும் அவள் கண்ணில் விரிவதைச் சொல்லிவிடலாம். எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். அவர் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

இயந்திரப் பிரிவு சவரிமுத்து அவருக்கு மீன் வைத்தான்.

"உங்கள மாதிரி வருமா சார். யாருமே பாக்காதப்ப உண்மைய எழுதுறதுக்கு ஒரு மனசு வேணும்."

எதிரே வடிவு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சாப்பிடு," என்றார் அமலதாஸ்.