ஒன்பதாம் நம்பர் கயிறு

"கயித்த விடு பிச்சைமுத்து... கயித்த விட்டுட்டு இந்தப் பக்கம் வாலா!"

நவமணி கத்திக்கொண்டே ஓடினான். கால் வைத்த இடமெல்லாம் சரளை வழுக்கியது.

நூற்றைம்பது அடி உயரச் சுண்ணாம்புக் கல்மலை. அதன் விளிம்பில், முதுகை வெட்டவெளிக்குக் கொடுத்து நின்றான் பிச்சைமுத்து.

இடுப்பில் கயிறு. அதன் மேல் முனை இரும்பு முளையில் கட்டியிருந்தது. கீழ் முனை பிய்ந்து தொங்கியது.

இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் அதே கயிறுதான் உடையப்பனைக் கைவிட்டது.

உடையப்பன் இப்போது மலையடிவாரத்தில், சாக்குக்குக் கீழே கிடந்தான்.

"கிட்ட வராதீங்க கிராணி ஐயா. நான் சோதிச்ச கயிறு அறாது. இதுலயே குதிக்கிறேன். எல்லாரும் பாக்கட்டும்."

"அறுந்துட்டா?"

"நான்தான் கொலைகாரன்னு தெரிஞ்சுரும். மாத்தாவுக்கு வேலை மிச்சம்."

போலீஸ் மாத்தாக்கள் இருவர் விலங்கோடு ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

1926. ஈப்போவுக்குத் தெற்கே, ரப்பர் தோட்டத்தை ஒட்டிய கல்மலை. ஆட்கள் கயிற்றில் தொங்கியபடி பாறையில் வெடிக்குழி போடுவார்கள். அந்தக் கயிறுகளைச் சோதிப்பது பிச்சைமுத்துவின் வேலை. திங்கட்கிழமைதோறும் ஒவ்வொரு கயிற்றிலும் ஒன்றேகால் பிக்குள், அதாவது நூற்றிருபத்தைந்து காத்தி எடையுள்ள மணல் மூட்டையைக் கட்டி, ஆறடி உயரத்திலிருந்து மூன்று தடவை போடுவான். தாங்கினால் பித்தளை நம்பர். தாங்காவிட்டால் கோடாரி.

நவமணி சுரங்க இலாகாவின் கிராணி, அதாவது குமாஸ்தா. விபத்து என்றால் அவன் எழுதுகிற அறிக்கைதான் முதல் காகிதம். அதில் பிச்சைமுத்துவின் பெயர் ஏறினால், சிறைக் கதவு திறக்கும்.

நவமணி மூச்சு வாங்க நின்றான்.

"நீ எத்தனை காத்தி இருப்பே?"

பிச்சைமுத்து விழித்தான். "எண்பது..."

"அப்ப நீ செல்லாது. விதியில நூத்தி இருபத்தஞ்சு காத்தி போட்டிருக்கு. மூட்டைய எடுத்துட்டு வா."

பிச்சைமுத்து இடுப்புக் கயிற்றை அவிழ்த்தான். மெல்ல விளிம்பை விட்டு இறங்கினான்.

மூட்டை விழுந்தது.

தொம்...

கயிறு தாங்கியது. இரண்டாவது தடவையும். மூன்றாவது தடவையும்.

"மிச்சக் கயிறு நிக்குது. சரி," என்றது ஒரு குரல். "அறுந்த எடம் அறுந்ததுதானே?"

மண்டோர் ராமையா. வேலையாட்களை மேய்க்கிறவர். கனத்த மீசை, காக்கிக் கால்சட்டை. கால்சட்டையின் தொடையில் அம்மைத் தழும்பு போலப் பொட்டுப் பொட்டாய் ஓட்டைகள்.

"போன திங்கக்கிழமை இவன் கண்ணு எங்க மேஞ்சுச்சோ. நாலு புள்ளைக்காரன் போய்ச் சேந்துட்டான். இவன உள்ள தள்ளுனாத்தான் எனக்குச் சோறு எறங்கும் ஐயா."

"பசிக்குதா மண்டோர்? கொஞ்சம் பொறுங்க."

நவமணி குனிந்து, பிய்ந்த முனையை எடுத்து விரல்களால் தேய்த்தான்.

அறுந்த கயிறு என்றால் நார் நாராய்ப் பிரியும். இது வறட்டி போல உதிர்ந்தது.

"பிச்சைமுத்து, போன திங்கக்கிழமைக்கு அப்புறம் இதை யாரு தொட்டா?"

"வியாழக்கிழமை ஆயுத பூஜை ஐயா. எல்லாக் கயித்தையும் கழுவி, பொம்பளைங்க இடுப்புல வர்ற எடத்துல மஞ்சள் பூசி, கொட்டகையில மாட்டிட்டோம். மூணு நாள் லீவு. இன்னிக்குத்தான் எடுத்தோம்."

"இன்னிக்கும் திங்கக்கிழமைதானே? ஏன் மூட்டை போடலை?"

"பூஜை போட்ட கயித்துல எட்டு நாளைக்கு மூட்டை கட்டுறதில்ல. சாமிய அவமதிச்ச மாதிரி ஆயிரும்."

"ஆளு தொங்கலாமா?"

பிச்சைமுத்து தலையைக் குனிந்துகொண்டான். "அது தொழிலு ஐயா..."

எட்டு நாள் இடைவெளி. யாரும் சோதிக்க மாட்டார்கள். இங்கே வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் அது தெரியும்.

நவமணி கயிற்றுக் கொட்டகைக்கு நடந்தான்.

கொட்டகை வாசலில் பூஜைக்குக் கட்டிய எலுமிச்சம்பழங்கள் வாடித் தொங்கின. உள்ளே, விபத்தானதும் திரும்ப மாட்டிய பதினோரு கயிறுகள். ஒன்பதாவது ஆணி மட்டும் காலி.

அந்த ஆணிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள் இருளாயி. உடையப்பனின் மனைவி. அழுது முடித்த முகம்.

"அக்கா... இந்தக் கயிறெல்லாம் இடுப்புல வர்ற எடத்துல செவப்பா இருக்கே. குங்குமமா?"

"இல்ல. வெறும் மஞ்சள்தான். பக்கத்துல சுண்ணாம்புச் சூளை இருக்குல்ல, அந்தத் தூசி பட்டா ஆரத்தித் தண்ணி மாதிரி செவந்துரும்."

"உங்க வீட்டுக்காரர் கயிறு?"

அவள் குரல் இறங்கியது.

"நேத்து விளக்குப் போட வந்தப்ப பாத்தேன். அது மட்டும் செவக்கலை. மஞ்சளாவே இருந்துச்சு. சாமி குத்தமோன்னு பயந்து யார்கிட்டயும் சொல்லலை. சொல்லியிருந்தா..."



"நீங்க எங்க வேலை செய்யுறீங்க?"

"தோட்டத்துல. பால் கொட்டாயில. ரப்பர் பால் உறையத் திராவகம் ஊத்துற வேலை." சேலையின் ஓரத்தைக் காட்டினாள். பொட்டுப் பொட்டாய் ஓட்டைகள். "ஒரு சொட்டுத் தெறிச்சாப் போதும். மேலுக்கு ஒண்ணும் தெரியாது. தொவைச்சா உதுந்துரும்."

நவமணி அந்த ஓட்டைகளைக் குனிந்து பார்த்தான். சற்றுமுன் வேறொரு துணியிலும் இவற்றைப் பார்த்திருந்தான்.

"இன்னிக்குப் பத்து மணிக்கு அவர் என்கிட்ட வாக்குமூலம் குடுக்க இருந்தார். தெரியுமா?"

"தெரியும். போன மாசம் சின்னையா விழுந்து செத்தாரே... பிச்சைமுத்து அண்ணன் வெட்டிப் போட்ட கயித்த யாரோ முடிஞ்சு திரும்ப மாட்டிட்டாங்க. இவரு அதக் கண்ணால பாத்தாரு. யாருன்னு கேட்டதுக்கு, கிராணி வரட்டும், உனக்குத் தெரிஞ்சா உன்னையும் விட மாட்டான்னு சொல்லிட்டாரு."

"நீங்க மேல போங்க அக்கா. நான் வாரேன்."

அவள் போன பிறகு ஐந்து நிமிடம் அவன் கொட்டகையில் தனியாக இருந்தான். வெளியே வந்தபோது தோளில் ஒரு கயிறு.

மலை உச்சி.

"மண்டோர், ஒரு ஒத்தாசை. உடையப்பன் விழுந்த எடத்தப் பாறையில குறிச்சுட்டு வரணும். நீங்கதான் அனுபவஸ்தர். உங்க சொந்தக் கயிறு இந்தா... ஒண்ணாம் நம்பர்."

"அதுக்கென்ன ஐயா. தொங்கித் தொங்கி வளந்த ஒடம்புதானே."

சிரித்தபடி வாங்கினார் ராமையா. முளையில் ஒரு முனையைக் கட்டினார். மறு முனையை இடுப்பில் சுற்றினார்.

முடிச்சுப் போடப்போன கை நின்றது.

சிரிப்பும் நின்றது.

"ஐயா... வேற கயிறு குடுங்க."

"ஏன்? பிச்சைமுத்து சோதிச்சதுதானே. அவன்மேல சந்தேகமா?"

"அதில்ல... இது அறுந்துரும்."

"எப்படிச் சொல்றீங்க?"

"பாருங்க ஐயா, இந்த எடத்துல செவக்கலை. மஞ்சளா இருக்கு."

ராமையா கயிற்றை இடுப்பிலிருந்து உருவிக் கீழே போட்டார்.

"இருக்கட்டுமே," என்றான் நவமணி மெதுவாக. "மஞ்சளா இருந்தா அறுந்துரும்னு உங்களுக்கு யாரு சொன்னா? இருளாயி அக்கா யார்கிட்டயும் சொல்லலை. நானும் சொல்லலை."

ராமையாவின் கண்கள் ஒவ்வொரு முகமாய்த் தாவின.

"எவனோ என்னையும் கொல்லப் பாக்குறான்... இதுல எவன் ஊத்துனான்? நான் ஒம்பதுல மட்டும்தானே..."

சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

தாமதமாக.

இருளாயி அவரையே பார்த்தாள். திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. அவருடைய கால்சட்டை ஓட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணுவது போலப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதைத்தான் ராமையாவால் தாங்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிச்சைமுத்துவுக்காக வந்த விலங்கு, மண்டோரின் கையில் பூட்டிக்கொண்டது.

நாலடி போனவர் திரும்பினார். குரலில் இன்னும் பயம்.

"சொல்லிருங்க ஐயா... ஒண்ணாம் நம்பர்ல திராவகம் ஊத்துனது யாரு?"

நவமணி சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து அவர் முன்னால் நீட்டினான்.

பிழிந்து சக்கையான அரை எலுமிச்சம்பழம்.

"நான்தான். திராவகம் இல்ல மண்டோர், கொட்டகை வாசல்ல கட்டியிருந்த பூஜைப் பழம். செவந்த மஞ்சள்ல திராவகம் பட்ட மாதிரியே, இத ரெண்டு சொட்டு விட்டாலும் பழையபடி மஞ்சளாயிரும். கயித்துக்கு ஒரு கெடுதலும் இல்ல."



பிச்சைமுத்து அந்தக் கயிற்றைக் கீழிருந்து எடுத்து, தூசி தட்டி, பதமாகச் சுருட்டி, மாத்தாவின் கையில் கொடுத்தான்.

"கையோட கொண்டு போங்க. ஜெயில்ல தூக்குக்குக் கேட்டாலும் கேப்பாங்க... மண்டோரு நூத்தி இருபது காத்திதான். தாராளமாத் தாங்கும்."