பச்சை நைலான் முடிச்சு

மூன்று மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்த குழாய் அன்று சொட்டவில்லை. எண்ணூர் அனல்மின் நிலையத்தில் சாம்பல் அள்ளிவிட்டுக் காசிமேட்டு வீட்டுக்குள் நுழைந்த தங்கப்பாண்டிக்கு அந்த அமைதியே உறுத்தியது. குழாயின் கழுத்தில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி, மேலே பச்சை நைலான் நூலால் யாரோ இறுக்கியிருந்தார்கள்.

"யாரு கட்னது?"

"நீ கட்லியா? நீன்னுல்ல நெனச்சுகினு கீறேன்" என்றாள் அவன் பெண்டாட்டி மதி. முகமெல்லாம் பூரிப்பு.

முன்பு காசிமேட்டில் வலை பின்னிய தங்கப்பாண்டிக்கு, முடிச்சைப் பார்த்தாலே யார் கை என்று தெரிந்துவிடும். இடப்பக்கம் திருகிய இந்த இரட்டை முடிச்சு அன்பரசனுடையது. மதியின் முதல் புருஷன். மூன்று வருஷத்துக்கு முன் கடலுக்குப் போனவன், உடல்கூடக் கரை சேரவில்லை. செத்தும் விடமாட்டானா இவன்?

மறுநாள், ஆடிய கட்டில் காலுக்குத் தங்கப்பாண்டியின் சீப்பு முட்டுக் கொடுத்திருந்தது. அதற்கடுத்த நாள் பிய்ந்த மீன்கூடைக்கு அவனுடைய பெல்ட் கைப்பிடியானது. எல்லாவற்றிலும் பச்சை முடிச்சு. ஒவ்வொன்றையும் மதி விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். தன்னை ஒருநாளாவது அவள் அப்படித் தொட்டதுண்டா என்று யோசித்தவனுக்குத் தூக்கம் போனது.

ஞாயிறு மதியம் சுத்தியலை எடுத்து, கதவின் தாழ்ப்பாளை ஒரே போடாகப் போட்டு உடைத்தான். கம்பியைக் கூவத்தைவிட நாறும் சாக்கடையில் வீசினான்.

"இத்த கட்றா பாப்போம்."

கதவுக்கெதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். உள்ளே மதி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். வெளியே மழை பிடித்தது. தகர ஷீட்டில் சடசடவென்று விழுந்த சத்தத்துக்கு நடுவே, ஈர நூலைப் பல்லால் இழுப்பதுபோல் ஒரு சன்னமான கீச்சொலி கேட்டது. டீசல் வாடை. உப்பு வாடை. கை சில்லிட்டது. கண் சொக்கியது.

விழித்தபோது கதவு சாத்தியிருந்தது.

"எவ்ளோ வாட்டமா மாட்டிகீது பாரு" என்று மதி தாழ்ப்பாளைத் தள்ளி இழுத்தாள். கம்பி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு விரல். அதில் கல்யாணத்தன்று மதி போட்ட மோதிரம்.

தன் கையைப் பார்த்தான். நான்கே விரல். ரத்தமில்லை. வலியில்லை. ஐந்தாவது விரல் இருந்த இடத்தில் பச்சை முடிச்சு மட்டும்.

மதி கூரையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவன் தோளுக்கு மேலே, அவனுக்குப் பின்னால் பார்த்தாள். வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"ஷீட்டும் ஒழுகுது மாமா."

தங்கப்பாண்டியை அவள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவன் முதுகுக்குப் பின்னால், ஈர நூல் நீளமாக இழுபட்டது.