போயிட்டு வாரேன்

காலையில் கடையைத் திறந்ததும் சுகிர்தாவுக்கு வாய்த்தவன் ஒரு மொட்டைத் தளபதி. முந்தின நாள் வரை விளையாட்டில் தோளில் முடி புரள நின்றவன்தான். வாடிக்கையாளர் ஆசைப்பட்டுப் புதுத் தலைக்கவச மாற்றுப்பொதி ஒன்றை ஏற்றியிருக்கிறார். அது பழைய முடிப் பொதியோடு முட்டிக்கொண்டதில் முடியும் போயிற்று, கவசமும் போயிற்று. யாளிகளை வென்ற வீரமும் பளபளக்கும் மண்டையுமாக அவன் திரையில் முறைத்துக்கொண்டு நின்றான். பொதிகளை ஏற்றும் வரிசையில் ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே தள்ளினால் தீர்கிற தகராறு. அடுத்து, குதிரையோடு கூரைமேல் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் விழித்த ஒரு வைத்தியச்சி. அவளைப் பேசி இறக்குவதற்குள் டீ ஆறிப்போனது.

தூத்துக்குடியின் கடல்சுவர்ச் சாலையில், மக்ரூன் சுடும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது சுகிர்தாவின் துணை பழுதுபார்ப்பகம். ‘முகில்கோட்டை’ என்ற விளையாட்டில் அப்போதெல்லாம் பாதி ஊர் குடியிருந்தது. முகக்கூடு என்று அரசாங்கமும் ஹெட்செட் என்று மற்ற எல்லோரும் சொன்ன அந்தச் சாமானை மாட்டிக்கொண்டால் மலையும் கோட்டையும் மந்திரக் காடும். கூடவே வர, சண்டை போட, மூட்டை சுமக்க, ஆளுக்கொரு துணை. அந்தத் துணைக்கு அவரவர் இஷ்டத்துக்கு முகம், நடை, பேச்சு என்று பொதிகளை மேலே மேலே அடுக்குவார்கள். அடுக்கினால் சும்மா இருக்குமா? முட்டிக்கொள்ளும். முட்டினால் சுகிர்தாவிடம் வருவார்கள்.

முன்பெல்லாம் ஆள் ஹெட்செட்டைக் கழற்றினால் துணை அப்படியே உறைந்துபோகும். விழிப்புப் புதுப்பிப்பு வந்த பிறகு அந்த நிம்மதி போயிற்று. ஆள் போன பின்னும் துணை விழித்திருந்தது, பசித்தது, யோசித்தது. ஆள் உள்ளே இருந்தாலோ ஒலிவாங்கியில் பேசினாலோ இரண்டு நேரமும் ஒன்று; வெளியே வந்துவிட்டால் இங்கே ஒரு நாள், அங்கே ஒரு மாதம். அதைவிடப் பெரிய மாற்றம், சொன்ன சொல்லை அது பொருளோடு வாங்கி வைத்துக்கொண்டதுதான். பிடிவாதம் பிடிக்கும் துணையைக் கட்டளைப் பலகையில் ஒரு வரி தட்டி இழுத்து வரலாம். இழுத்தால் நினைவெல்லாம் அழிந்து நேற்றுப் பிறந்தது மாதிரி முழிக்கும். ஆகவே எந்தப் பழுதையும் பேசித்தான் தீர்க்க வேண்டியிருந்தது. மெக்கானிக் பாதி, பஞ்சாயத்து பாதி என்று ஆகிப்போனது அவள் பிழைப்பு.

பத்து மணி வாக்கில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் படியேறி வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் பச்சைக் கரைத் துண்டு. வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்.

“ஏனுங்க அம்மிணி, துணை ரிப்பேர் பண்றது இங்கதானுங்களா?”

“ஆமா அண்ணாச்சி, உள்ள வாங்க. என்ன செய்யுது?”

“நவுர மாட்டேங்குதுங்க. கோட்டை வாசல்லயே நிக்குது. மழை பேஞ்சாலும் நிக்குது. ஓநாய் வந்து கடிச்சாலும் நின்ன எடத்துல நின்னே அடிக்குது. ஒரு கூரைக்குக் கீழ போயி உக்காந்தாப் போதுமுங்க. பாக்க முடியல.”

அவர் பெயர் நாச்சிமுத்து, கோபிச்செட்டிப்பாளையத்துப் பக்கம். துணை அவருடையது இல்லை. மகன் தரணிதரனுடையது. இங்கே கடலுக்குள் இருக்கும் காற்றாலைகளில் ஏறி வேலை பார்த்தவன். போன ஆடிக் காற்றில் படகு கவிழ்ந்து இறந்துபோனான். அவன் சாமான்களோடு இந்த ஹெட்செட்டும் ஊருக்குப் போயிருந்தது. ஒருநாள் சும்மா மாட்டிப் பார்த்தவருக்கு, வாசலில் நின்ற அந்தத் துணையை, வெட்சியை, கண்ட பிறகு மனசு கேட்கவில்லை. அதன்பின் அடிக்கடி மாட்டி அவளோடு பேசிவந்தார்.

“அந்தப் படகு விபத்தைக் கேள்விப்பட்டேன் அண்ணாச்சி,” என்றாள் சுகிர்தா. ஹெட்செட்டைத் திரையோடு இணைத்தாள்.

வெட்சி மழையில் நின்றாள். தோல்கவசத்தில் ஒட்டுமேல் ஒட்டு, வேலின் முனையில் துரு. அவள் நின்ற இடத்தில் கல்தரை இரண்டு பாதங்களின் அளவுக்குக் குழிந்திருந்தது. சுகிர்தா ஒலிவாங்கியைப் பக்கத்தில் இழுத்தாள்.

“வெட்சி, மழை பெய்யுதே. உள்ள போனா என்ன?”

குரல் வந்த திசையில் வெட்சி நிமிர்ந்து பார்த்தாள். வளர்த்தவன் பேச்சுதானே துணைக்கு வரும். அவள் பேச்சிலும் கோபிதான் இருந்தது. “அவரு வர்றேன்னு சொல்லீட்டுப் போயிருக்காருங்க. வந்து பாக்கறப்ப நான் இல்லீன்னா தேடுவாரல்லங்க?”

“எப்படிச் சொன்னாரு?”

கேட்டதைக் கேட்ட குரலிலேயே திருப்பிச் சொல்லும் வித்தை துணைகளுக்கு உண்டு. வெட்சி வாயைத் திறந்தாள். ஓர் இளைஞனின் குரல் வந்தது.

“போயிட்டு வாரேன்.”

சுகிர்தா ஒலிபெருக்கியைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ‘வாரேன்’, அதன் கடைசியில் சிரிப்பை அடக்கினாற்போல ஒரு சின்ன மூச்சு. அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அது அவளுடையது.

முகில்கோட்டை தமிழுக்கு வந்த புதிதில், ஆள் வெளியேறும் பொத்தானை அமுக்கினால் “நான் போகிறேன்” என்று ஒரு வரி ஒலிக்கும். யாரோ அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்தது. புறப்படுகிறவன் போகிறேன் என்று சொல்வானா? இருபத்திரண்டு வயது சுகிர்தாவுக்குக் காது கூசியது. ஒரே மாலையில் ‘மங்கலச்சொல்’ என்று ஒரு பொதியை எழுதினாள். விளையாடுகிறவரின் குரலை அதுவே எடுத்துக்கொள்ளும். பொத்தானை அமுக்கினதும் அந்தக் குரலில் “போயிட்டு வாரேன்” என்று சொல்லும். மாதிரிக்குத் தன் வாயாலேயே சொல்லிப் பதிந்திருந்ததால் எல்லார் குரலிலும் தூத்துக்குடி இழுவை வந்தது. தமிழ் பேசும் வீடுகளிலெல்லாம் அதை இறக்கிக்கொண்டார்கள். விருதுகூடக் கொடுத்தார்கள்.

பிறகு விழிப்புப் புதுப்பிப்பு வந்தது. வெறும் ஓசையாக இருந்த அந்த வரிக்குப் பொருள் முளைத்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். சலித்துப்போய் விளையாட்டை விட்டவர்கள், கல்யாணமாகிப் போனவர்கள், செத்துப்போனவர்கள் என எல்லாருடைய துணையும் வாசலில் நிற்கிறதாம், நடக்கும் வழி தெரியாத வழித்தடப் பழுதாம் என்று ஊரே பேசிக்கொண்டது. சுகிர்தாவும் வாடிக்கையாளர்களிடம் வழித்தடப் பழுது என்றே சொல்லியனுப்பினாள். தெரியாமல் சொன்னாளா என்றால், அவள் நெஞ்சே சிரிக்கும். திறந்து பார்த்தால் தெரிந்துவிடுமே என்றுதான் அவள் ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை.

நாச்சிமுத்து திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். “கேட்டீங்களா? எங்க பக்கம் யாரும் வாரேன்னு சொல்ல மாட்டோமுங்க. வர்றேன்னுதான். இங்க வேலைக்கு வந்து பையனுக்கு உங்கூருப் பேச்சு ஒட்டிக்கிச்சாட்ட இருக்குது.”

அவள் தலையை ஆட்டினாள். வேறென்ன செய்வாள்?

“கடலுக்குள்ள காத்தாடி ஏறற வேலை வேண்டாம்னு சண்டை போட்டனுங்க அம்மிணி. கேக்கல. ‘போறதுன்னா போ’ன்னுட்டேன். போயிட்டு வாடான்னு சொல்லியிருக்கோணும். வாயில வரல. அவனும் ஒரு வார்த்தை சொல்லாமப் படியெறங்கிட்டான்.” துண்டை எடுத்து மடித்தார். “அதுக்கப்பறம் பேசவே இல்லீங்க. ஆனா கடைசி நாள் காலைல இந்தப் புள்ளகிட்ட வாரேன்னு சொல்லியிருக்கான் பாருங்க. அப்ப நல்ல மனசோட, திரும்பி வர்ற நெனப்போடதானுங்க போயிருக்கான்?”

“கீழ டீ நல்லா இருக்கும், குடிச்சிட்டு வாங்க அண்ணாச்சி. எனக்குக் கொஞ்சம் நேரமாகும்,” என்றாள் சுகிர்தா. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் எதையும் செய்ய முடியாது.

அவர் இறங்கியதும் ஹெட்செட்டைத் தான் மாட்டிக்கொண்டு வாசலுக்கே போய் நின்றாள். பக்கத்தில் பார்க்க வெட்சி இன்னும் இளைத்திருந்தாள்.

“வெட்சி, அவரு இறந்துட்டாரும்மா. இனிமே வரமாட்டாரு.”

“வர்றேன்னு சொன்னாருங்களே.”

“அவரு சொல்லல. குரல்தான் அவருது. சொல்லு என்னோடது. அவரு பொத்தானைத்தான் அமுக்குனாரு. நான் எழுதிவெச்ச வரி அவரு குரல்ல பேசிச்சு.”

வெட்சி வேல்முனையின் துருவை விரலால் தேய்த்தாள். “எல்லாத் தடவையுமா?”

“எல்லாத் தடவையும்.”

“எல்லாத் தடவையும் வந்தாருங்களே.”

வெட்சியே மறுபடி கேட்டாள். “நீங்க வெளியில ஒருத்தருக்கொருத்தர் சொல்றப்ப நெனச்சுத்தான் சொல்லுவீங்களா?”

“வாய்ப்பழக்கம்தான். வராம போயிருவோமோன்னு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருக்கும்போல. அதான் சொல்லுதோம்.”

“அப்ப நான் இத்தனை மழையில நின்னது உங்க வார்த்தைக்காகத்தானுங்களா?”

கோபமாகக் கேட்டிருந்தாலாவது தாங்கியிருக்கலாம். வழி கேட்பவள்போல அல்லவா கேட்டாள். மன்னிச்சுக்கோ என்று சுகிர்தா சொன்னது அந்த மழையில் அவளுக்கே அற்பமாகக் கேட்டது. மன்னித்தேன் என்றும் வெட்சி சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. குழிந்த தரையிலிருந்து பாதங்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். வாயிற்கூரைக்குக் கீழே போய், வேலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

திரும்பி வந்த நாச்சிமுத்து அதைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டே விட்டார். அவசர அவசரமாக ஹெட்செட்டை மாட்டினார். ஒலிபெருக்கி வழியாக அவர்கள் பேசுவது சுகிர்தாவுக்குக் கேட்டது.

“நனையாம இருக்கியா கண்ணு? தரணியோட அப்பன்தான், மறுபடி வந்திருக்கறேன். போறப்ப என்ன சொல்லீட்டுப் போனான், நீ ஒருக்கா சொல்லு.”

சுகிர்தா ஒலிபெருக்கிப் பக்கம் குனிந்தாள். வெட்சி உண்மையைச் சொல்லிவிடுவாளோ?

“போயிட்டு வாரேன்னு சொன்னாருங்க,” என்றாள் வெட்சி, இந்தத் தடவை அவன் குரலில் அல்ல, தன் குரலில். “மொகம் நல்லா சிரிச்ச மொகமா இருந்துச்சுங்க.”

ஒரு விளையாட்டுப் பொம்மைக்கு இருந்த இரக்கத்தைப் பார்த்துச் சுகிர்தாவுக்குக் கண் நிறைந்தது. விஷயம் இதோடு முடிந்திருக்கலாம். அவளும் வாயை மூடிக்கொண்டு புண்ணியம் கட்டியிருக்கலாம். ஆனால் நாச்சிமுத்து, வழக்கம்போல் வெளியேறும் பொத்தானை அமுக்காமலே ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுத் தன் போனை நீட்டினார்.

“அந்த ஒத்தை வார்த்தைய மட்டும் இதுல ஏத்திக் குடுங்க அம்மிணி. தரணி குரல்ல சொல்லுச்சே, அதை. அவங்கம்மா எங்கிட்டப் பேசறதில்லீங்க. நீங்க ‘போ’ன்னு சொன்னீங்க, அவன் போயிட்டான்னு அன்னைக்குச் சொன்னவதான். இதைக் கேட்டாப் பேசுவா.”

சுகிர்தா போனை வாங்கினாள். ஒரு நொடி வேலை. ஆனால் பெற்றவள் காதில் அந்த ‘வாரேன்’ விழுந்தால் என்ன ஆகும்? இது எம்பையன் பேச்சில்லை என்று முதல் தடவையிலேயே சொல்லிவிடமாட்டாளா? இல்லை, அவளும் நம்பி, ஆயுசு பூராவும் முன்பின் தெரியாத ஒருத்தியின் வாய்ப்பழக்கத்தைப் பிள்ளை என்று காதில் வைத்து அழுவாளா? எது பெரிய பாவம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. போனை மேசைமேல் வைத்தாள்.

“அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன். கோவப்படாம கேளுங்க. அந்த வார்த்தையை உங்க மகன் சொல்லல.”

எல்லாவற்றையும் சொன்னாள். பொத்தான், பொதி, தன் குரல், தூத்துக்குடி இழுவை, வழித்தடப் பழுது என்று தான் மூடி மறைத்தது வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவருக்காகச் சொன்னாளா, தன் நெஞ்சுப் பாரம் இறங்கினால் போதுமென்று சொன்னாளா? பாரம் இறங்கத்தான் செய்தது. இறங்கி, எதிரே உட்கார்ந்திருந்த மனிதரின் தலையில் ஏறிக்கொண்டது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

“அப்ப அவன் ஒண்ணுமே சொல்லலீங்களா?” என்று கேட்டார் நாச்சிமுத்து.

“தெரியல அண்ணாச்சி. சொல்ல நினைச்சிருக்கலாம்.”

“நீங்க நெனச்சதத்தான் அம்மிணி இத்தனை நாளா நாங் கேட்டுட்டு இருந்திருக்கறேன்.”

அவர் சத்தம் போடவில்லை. போனை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். மேசையிலிருந்த ஹெட்செட்டை ஒரு தரம் தொட்டார், எடுத்துக்கொள்ளவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். சுகிர்தா பின்னாலேயே படிவாசல்வரை ஓடினாள்.

“போயிட்டு வாங்க அண்ணாச்சி,” என்றாள்.

அவர் திரும்பவில்லை. வாரேன் என்றும் சொல்லவில்லை, வர்றேன் என்றும் சொல்லவில்லை. எழவு வீட்டிலிருந்துதான் மனிதர்கள் அப்படிச் சொல்லாமல் எழுந்து போவார்கள். சாலைத் திருப்பத்தில் அந்தப் பச்சைக் கரைத் துண்டு மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். சொன்னதற்கு வருந்துவதா, சொல்லாமல் இருந்த வருஷங்களுக்கு வருந்துவதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

உள்ளே வந்தாள். அவர் ஹெட்செட்டைக் கழற்றிய பிறகான அரை மணியில் அங்கே ஒரு பகலே கழிந்திருந்தது. திரையில் வாயிற்கூரைக்குக் கீழே யாரும் இல்லை. வெட்சி பழைய இடத்திலேயே, அதே குழியில் பாதங்களை வைத்து, வேலும் கையுமாக மழையில் நின்றாள்.

சுகிர்தா ஒலிவாங்கியை இழுத்தாள். “ஏம்மா? உனக்குத்தான் எல்லாத்தையும் சொல்லிட்டேனே. அவரு வரமாட்டாரு.”

“அவருக்கு இல்லீங்க. அவங்கப்பாவுக்கு. மறுபடி வருவாருங்களா?”

“தெரியலம்மா. சொல்லிட்டுப் போகல.”

வெட்சி முகத்து மழையைப் புறங்கையால் வழித்துக்கொண்டாள்.

“சொல்லீட்டுப் போனவரு வரலீங்க,” என்றாள். “சொல்லாமப் போனவரு வரலாமில்லீங்களா?”

சுகிர்தா நாற்காலியை இழுத்து, படிவாசல் தெரியும்படி போட்டு உட்கார்ந்தாள்.